எண்ணைச் சொன்னாலே சிரிக்கிறார்களே, ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரூப்பில் யாரோ ஒருவர் "42" என்று மட்டும் பதில் போடுகிறார். உடனே கீழே வரிசையாகச் சிரிப்பு ஸ்டிக்கர்கள். உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, கேட்கவும் கூச்சம். அப்படி முழிப்பவர்களுக்காகத்தான் இது. கணக்கு கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். சினிமா, கிரிக்கெட், கார்ட்டூன் எல்லாம் அதைவிட நிறைய வரும்.

வெறும் எண்ணில் அப்படி என்ன ஜோக் இருக்கிறது?

எண்ணில் ஒன்றும் கிடையாது. அதற்குப் பின்னால் ஒரு படமோ, பாட்டோ, ஒரு மேட்சோ இருக்கிறது. அதைப் பார்த்தவருக்கு எண்ணைக் கேட்டதும் மொத்தக் காட்சியும் மனசில் ஓடிவிடும், பார்க்காதவருக்கு அது பஸ் நம்பர் மாதிரிதான். அதனால் யாராவது விளக்கச் சொன்னால் முதலில் காட்சியைச் சொல்லுங்கள். "42 என்பது ஓர் இரட்டைப்படை எண்" என்று ஆரம்பித்தால் கேட்டவர் எழுந்து போய்விடுவார். சில ஜோக்குகளில் காட்சியும் இருக்கும், கணக்கும் சரியாக உட்கார்ந்திருக்கும். என்னைக் கேட்டால் அவைதான் முதல் தரம், மற்றவை எல்லாம் ஒரு சீசன் ஓடிவிட்டுப் போய்விடும்.

சரி, அந்த 42 என்ன?

டக்ளஸ் ஆடம்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் பிபிசி வானொலிக்காக எழுதிய 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' என்ற தொடர் 1978-ல் ஒலிபரப்பானது, அடுத்த வருஷமே நாவலாகவும் வந்தது. அதில் ஒரு கூட்டம் டீப் தாட் என்று ஒரு ராட்சசக் கணினியைக் கட்டி, வாழ்க்கை, பிரபஞ்சம், மற்ற எல்லாவற்றுக்குமான பதிலைக் கேட்கிறது. அது 75 லட்சம் வருஷம் யோசிக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த ஜனங்கள் முன்னால், ரொம்பக் கம்பீரமாக, "42" என்கிறது. எல்லோரும் திகைத்து நிற்க, பதிலைச் சரிபார்த்துவிட்டேன், உங்களுக்குக் கேள்வியே என்னவென்று தெரியாதது என் குற்றமா என்று திருப்பிக் கேட்கிறது. கேள்வியைக் கண்டுபிடிக்க அதைவிடப் பெரிய கணினி ஒன்று கட்டுகிறார்கள். அதுதான் நம் பூமி. வேலை முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, விண்வெளியில் புறவழிச்சாலை போடுவதற்காகப் பூமியை இடித்துத் தள்ளிவிடுகிறார்கள். நில எடுப்பு நோட்டீஸ் பார்த்த குடும்பத்துக்காரர்களுக்கு இந்த இடம் கூடுதலாகவே புரியும்.

இதில் நம்மவர்களுக்கு மட்டும் ஒரு போனஸ் உண்டு. 75 லட்சத்தை ஆங்கிலத்தில் ஏழரை மில்லியன் என்றுதான் எழுதியிருக்கிறார். ஏழரை! ஆடம்ஸுக்குச் சனி பகவானைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அந்த ஜனங்கள் கேள்வி கேட்டுவிட்டு அனுபவித்தது, கணக்குப் போட்டால், துல்லியமாகப் பத்து லட்சம் ஏழரைச் சனி.

42-க்கு ஏதாவது ரகசிய அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது என்று நிறையப் பேர் தோண்டினார்கள். கதையில் பின்னால் ஓரிடத்தில் அந்தக் கேள்வி "ஆறை ஒன்பதால் பெருக்கினால் என்ன?" என்று வருகிறது. 54 தானே? ஆனால் பத்துக்குப் பதிலாகப் பதின்மூன்று பதின்மூன்றாகக் கட்டி எண்ணினால் 54-ல் நான்கு கட்டும் மிச்சம் இரண்டும் வரும், எழுதினால் 42. ரசிகர்கள் குதித்தார்கள். ஆடம்ஸோ, நான் என்னதான் மோசமான ஆளாக இருந்தாலும் பதின்மூன்றை அடியாக வைத்தெல்லாம் ஜோக் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மேஜையில் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்தேன், 42 போதும் என்று தோன்றியது, எழுதினேன், அவ்வளவுதான் என்று 1993-ல் விளக்கமும் கொடுத்தார். சாதாரணமான, வீட்டில் அறிமுகப்படுத்தக்கூடிய ஒரு எண்ணாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த ஜோக்கின் சூட்சுமமே. 3 என்றோ 7 என்றோ 108 என்றோ சொல்லியிருந்தால் உடனே ஆன்மீகம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால் கணித ஆட்களும் இந்த எண்ணை விடவில்லை. மூன்று முழு எண்களின் (மைனஸ் எண்களும் சேர்த்தி) கனங்களைக் (2-ன் கனம் 2×2×2, அதாவது 8) கூட்டி ஒவ்வொரு எண்ணையும் கொண்டுவர முடியுமா என்ற பழைய புதிரில், 100-க்குள் விடை இருக்கக்கூடியவற்றில் கடைசி வரை பிடிபடாமல் நின்றது 42. 2019-ல் ஆண்ட்ரூ புக்கர், ஆண்ட்ரூ சதர்லேண்ட் என்ற இருவர் ஏராளமான கணினிகளை ஓடவிட்டு அதைப் பிடித்தார்கள். அந்த மூன்று எண்களும் ஆளுக்கு 17 இலக்கம். கதையில் வந்த மாதிரியே கணினி ரொம்ப நேரம் யோசித்து, கடைசியில் 42.

420 என்றால் ஏமாற்றுக்காரன்தானே? அமெரிக்காக்காரர்கள் ஏன் ஏப்ரல் 20-ஐக் கொண்டாடுகிறார்கள்?

ஒரே எண், இரண்டு ஊர், சம்பந்தமே இல்லாத இரண்டு ஜோக்.

நம்முடையது வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிவைத்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு, மோசடி. கோர்ட்டுக்குப் போகாதவனும் "அவன் சரியான ஃபோர் ட்வென்டி" என்று சொல்லும் அளவுக்கு இதைப் பரப்பியதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு. ராஜ் கபூரின் 'ஸ்ரீ 420' 1955-ல் வந்தது, 'திருவாளர் மோசடி' என்று தலைப்பு வைத்த மாதிரி. நம் 'அவ்வை சண்முகி'யைக் கமல் இந்தியில் எடுத்தபோது 'சாச்சி 420', அதாவது 'மோசடிச் சித்தி', என்று பெயர் வைத்தார். பெண் வேஷம் போட்டு வீட்டுக்குள் நுழையும் ஆள் என்பதைத் தலைப்பிலேயே சொல்லியாயிற்று. பாகிஸ்தானிலும் பங்களாதேஷிலும் அதே பழைய சட்டம் என்பதால் அங்கேயும் இந்த எண்ணுக்கு இதே சிரிப்புதான்.

அமெரிக்காவில் 420 என்றால் கஞ்சா. 1971-ல் கலிஃபோர்னியாவில் சான் ரஃபேல் என்ற ஊரில் பள்ளி மாணவர்கள் சிலர் மாலை 4:20-க்குச் சந்திப்பதாக வைத்துக்கொண்ட குழூஉக்குறி அது, அப்படியே பரவிவிட்டது. கொலராடோவில் நெடுஞ்சாலை ஓரமிருந்த 420-வது மைல் பலகையை ஆட்கள் திருடிக்கொண்டே இருந்ததால், அரசாங்கம் அதை எடுத்துவிட்டு 419.99 என்று பலகை வைத்தது. இதில் இன்னொரு கூத்து, நைஜீரியாவில் மோசடிக்கான பிரிவு 419. அங்கே போய் ஏமாற்றுக்காரனைத் திட்ட வேண்டுமென்றால் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

2018 ஆகஸ்டில் ஈலான் மஸ்க், டெஸ்லா பங்கை ஒன்று 420 டாலர் வீதம் வாங்கிக்கொள்ளப்போவதாக ட்வீட் போட்டது ஞாபகம் இருக்கலாம். தோழிக்குச் சிரிப்பு வரும் என்றுதான் விலையை அப்படி உருட்டி வைத்தார் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை கட்டுப்பாட்டு ஆணையம் தன் புகாரிலேயே எழுதியது. சமரசத்தில் அவருக்கு 2 கோடி டாலர் அபராதம், கம்பெனிக்கு இன்னொரு 2 கோடி. ஆனாலும் மனுஷன் விடவில்லை, 2022-ல் ட்விட்டருக்குக் கேட்ட விலை பங்குக்கு 54.20.

புதுச் சட்டம் வந்துவிட்டதே, இனிமேல் 420 செல்லாதா?

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. அதில் மோசடி 318-வது பிரிவில் போய்விட்டது. மொத்தமே 358 பிரிவுதான், 420 என்று ஒரு பிரிவே கிடையாது. ஆனால் "அவன் ஒரு 318" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வக்கீல் மாறுவார், வழக்கு மாறாது.

7 எங்கே வந்தாலும் "தல ஃபார் எ ரீசன்" என்கிறார்களே?

தோனியின் ஜெர்சி எண் 7. பிறந்தது 1981 ஜூலை 7, அதாவது ஏழாம் மாதம் ஏழாம் தேதி, 8-ல் 1 போனாலும் 7. 2023 வாக்கில் ரசிகர்கள் எதைப் பார்த்தாலும் கூட்டியோ கழித்தோ 7-க்குக் கொண்டுவந்து நிறுத்தி, இந்த வரியைப் போட ஆரம்பித்தார்கள். 16 பந்து ஆடினாரா, 1+6=7. மழை பெய்து ஆட்டம் 25 நிமிஷம் தாமதமா, 2+5=7. அந்த வருஷக் கடைசியில் இந்திய அணியில் இனி யாருக்கும் 7 கிடையாது என்று செய்தியும் வர, கேட்கவே வேண்டாம்.

இது பக்தியா கிண்டலா என்றால் இரண்டும். ஆரம்பித்தவர்கள் பக்தர்கள், பிடித்துக்கொண்டு ஓட்டியவர்கள் மற்ற டீம்காரர்கள். கணக்கு என்னவென்றால், எந்த எண்ணை எடுத்தாலும் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஏதோ ஒன்றில் நிற்கும், ஆக ஒன்பதில் ஒரு தடவை தானாகவே 7 வரும். வராவிட்டால் கழிக்கலாம், ஏதாவது ஒன்றைச் சேர்க்கலாம். உலகக் கோப்பை ஜெயித்த 2011-ஐக் கூட்டினால் 4 தான் வருகிறது, அடடா என்று விட்டுவிட முடியுமா? அவர் தலைமையில் வாங்கிய ஐசிசி கோப்பைகள் 3, சேர்த்தால் 7. பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டி அதிர்ஷ்டம் பார்க்கும் எண் ஜோசியமும் இதே வேலையைத்தான் காசு வாங்கிக்கொண்டு செய்கிறது. தமிழில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று தருகிறேன்: ம, கே, ந், தி, ர, சி, ங். எண்ணிப் பாருங்கள்.

"9000-க்கு மேல!" என்று கத்துகிறார்களே?

'டிராகன் பால் இசட்' என்ற ஜப்பானிய அனிமே. எதிரியின் பலத்தை எண்ணாகக் காட்டும் ஒரு கருவியைக் கண்ணில் மாட்டியிருக்கும் வெஜிட்டா என்ற பாத்திரம், கதாநாயகன் கோகுவின் பலம் 9000-ஐத் தாண்டிவிட்டது என்று அலறி, கருவியைக் கையாலேயே நசுக்குவான். அந்த அலறலை வெட்டி 2006-ல் யாரோ வீடியோ போட, அது இணையம் முழுக்கச் சுற்றியது. ஜப்பானிய மூலத்தில் அது 8000 தான், ஆங்கில டப்பிங்கில் ஆயிரம் ஏறிவிட்டது. "கரண்ட் பில் எவ்வளவு வந்துச்சு?" என்ற கேள்விக்கு இதைப் பதிலாகப் போடலாம். நிஜமாகவே 9000 வந்திருந்தால் சிரிப்பு வராது.

1729 கணக்கு வாத்தியார் ஜோக் ஆயிற்றே, அதில் கார்ட்டூன் எங்கிருந்து வந்தது?

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், லண்டனில் பட்னி என்ற இடத்தில் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, அவரை இங்கிலாந்துக்கு வரவழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டி பார்க்க வந்தார். வந்த டாக்சியின் எண் 1729, ரொம்பச் சாதாரண எண் என்றார். அப்படியெல்லாம் இல்லை, இரண்டு கனங்களின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று படுக்கையிலிருந்தே ராமானுஜன் சொன்னார். 1-ன் கனமும் 12-ன் கனமும் கூட்டினாலும் 1729, 9-ன் கனமும் 10-ன் கனமும் கூட்டினாலும் 1729. இவ்வளவும் பள்ளிப் புத்தகத்திலேயே உண்டு.

கார்ட்டூன் என்றால் 'ஃபியூச்சராமா'. அதை எழுதியவர்களில் கணிதத்திலும் அறிவியலிலும் பெரிய படிப்பு படித்தவர்கள் பலர். கென் கீலர் என்பவர் ஹார்வர்டில் பயன்பாட்டுக் கணிதத்தில் டாக்டர் பட்டமே வாங்கியவர். அதில் பெண்டர் என்ற ரோபோவுக்கு, அதைத் தயாரித்த இயந்திரம் அனுப்பும் கிறிஸ்துமஸ் வாழ்த்தில் "1729-வது மகனுக்கு" என்றிருக்கும். ஒரு விண்கலத்தின் மேலும் 1729 எழுதியிருக்கும். ஒரு முழுநீளப் படத்தில் டாக்சி ஒன்று வரும், எண் 87539319. என்ன இது, சும்மா போட்டதா என்று நினைத்தால், இரண்டு கனங்களின் கூட்டாக மூன்று விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான். 167-க்கும் 436-க்கும், 228-க்கும் 423-க்கும், 255-க்கும் 414-க்கும் கனம் போட்டுக் கூட்டிப் பாருங்கள். ஒரு நொடி திரையில் வந்து போகும் நம்பர் பிளேட்டுக்கு இத்தனை மெனக்கெடல்! இதைத்தான் முதல் தரம் என்றேன். காட்சி தெரியாதவனும் கணக்கில் மாட்டுவான், கணக்கு தெரிந்தவன் டாக்சியைப் பார்த்ததும் எழுந்து நின்று கைதட்டுவான்.

ரஜினி முடிவிலி வரை இரண்டு தடவை எண்ணினார், இது நம்ம ஜோக்தானே?

இறக்குமதிச் சரக்கு. அமெரிக்காவில் 2005 வாக்கில் நடிகர் சக் நோரிஸ் பேரில் இப்படி ஏராளமாக வந்தன, எஸ்எம்எஸ் காலத்தில் பெயரை மட்டும் மாற்றி நம்மவர்கள் ரஜினிக்குக் கொடுத்துவிட்டார்கள். முடிவே இல்லாததை எண்ணி முடிக்க முடியாது, இவர் முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார் என்பதுதான் விஷயம். பூஜ்யத்தால் வகுப்பார் என்பதும் அதே ரகம். ஆனால் ரஜினிக்குப் பொருந்தின அளவுக்கு இவை சக் நோரிஸுக்கே பொருந்தவில்லை என்பேன், ஏனென்றால் 'பாட்ஷா'வில் ஒரு தடவை சொன்னால் நூறு தடவை சொன்ன மாதிரி என்று அவரே ஏற்கனவே ஒரு பெருக்கல் வாய்ப்பாடு கொடுத்திருந்தார். நூறு பேர் இருக்கும் குரூப்பில் ஒரு குட் மார்னிங் போடும் சித்தப்பாவுக்கும் அந்த வாய்ப்பாடு செல்லும்.

கரகாட்டக்காரன் வாழைப்பழம் இந்தக் கணக்கில் வருமா?

வராமல்? தமிழில் இதைவிடச் சுத்தமான எண் ஜோக் எனக்குத் தெரிந்து இல்லை. 1989-ல் வந்த படம், பார்க்காத ஒருவர் எப்படியும் எங்காவது இருப்பார், அவருக்காக: கவுண்டமணி காசு கொடுத்து இரண்டு வாழைப்பழம் வாங்கிவரச் சொல்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார். ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கே? "அந்த இன்னொண்ணுதாண்ணே இது."

நிதானமாகப் பாருங்கள். கையில் இருப்பதிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறார் கவுண்டமணி, அதனால் அவருக்கு இன்னொன்று என்பது காணாமல் போன பழம். வயிற்றில் இருப்பதிலிருந்து எண்ணுகிறார் செந்தில், அவருக்கு இன்னொன்று என்பது கையில் இருக்கும் பழம். ஆக செந்தில் சொன்னது பொய்யே இல்லை! அதனால்தான் கவுண்டமணியால் அடிக்க முடிகிறதே தவிர மடக்க முடியவில்லை. அவர் "மொத்தம் எத்தனை பழம் இருக்கு, எண்ணு" என்று கேட்டிருந்தால் அந்த நிமிஷமே செந்தில் மாட்டியிருப்பார். கடைசி வரை கேட்கவில்லை. இரண்டு தவணையாக வருவேன் என்ற பாக்கி ஒரு தவணையோடு நின்றுபோகும்போது இந்த வரி ஞாபகத்துக்கு வராத தமிழன் இல்லை.

'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யில் 23 எதற்கு?

வரலாற்றுப் புத்தகத்தில் சாளுக்கிய மன்னர்களில் முதலாம் புலிகேசி, இரண்டாம் புலிகேசி என்று இரண்டு பேர்தான். இரண்டாமவர் பெரிய ஆள், அவருடைய வாதாபியை 642-ல் நரசிம்மவர்ம பல்லவன் பிடித்தது பரீட்சையில் கேட்கப்படும் கேள்வி. நடுவில் இருபது புலிகேசிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யோசித்தாலே சிரிப்பு வரும், வடிவேலு திரைக்கு வரும் முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பிள்ளைகள் "சிக்ஸ் செவன்" என்று கத்திக்கொண்டு கையை ஆட்டுகிறார்கள். அர்த்தம்?

கிடையாது. ஸ்கிரில்லா என்ற அமெரிக்க ராப் பாடகரின் பாட்டில் வரும் எண், லமெலோ பால் என்ற 6 அடி 7 அங்குலக் கூடைப்பந்து வீரரின் வீடியோக்களோடு ஒட்டிக்கொண்டு பரவியது. டிக்‌ஷனரி.காம் 2025-ன் வார்த்தையாக இதைத் தேர்ந்தெடுத்ததும் பெரியவர்களுக்குத் தலை சுற்றியது. இதற்கு ஒரே மருந்து, நீங்களும் சாப்பாட்டு நேரத்தில் கையை ஆட்டிக்கொண்டு சொல்லுங்கள். நிறுத்திவிடுவார்கள்.

சபையில் சொல்லக் கூடாத எண்கள் உண்டா?

69 படுக்கையறை ஜோக், வகுப்பில் 69-வது பக்கத்தைத் திறக்கச் சொன்னதும் பின் பெஞ்சு ஏன் சிரிக்கிறது என்று வாத்தியாருக்கும் தெரியும். அது விளையாட்டு, போகட்டும். ஆனால் "ஒன்பது" என்று நம் சினிமா காமெடிகள் வருஷக்கணக்காக ஓட்டியது திருநங்கைகளைக் கேலி செய்வதற்காக. அதற்கு விளக்கம் சொல்லலாம், சொல்லிச் சிரிக்க எதுவும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தியைப் பார்த்து நாலு பேர் கத்தும் வார்த்தை அது.

படத்தில் வரும் போன் நம்பருக்கு அடித்துப் பார்க்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் 1980களின் ஆரம்பத்தில் டாமி டுடோன் என்ற குழுவின் பாட்டில் 867-5309 என்று ஒரு நம்பர் வந்தது, பாட்டு ஹிட். ஊருக்கு ஊர் அந்த நம்பர் யாரிடம் இருந்ததோ அவர் வீட்டில் போன் ஓயாமல் அடித்து, பாட்டில் வரும் ஜென்னி என்ற பெண் இருக்கிறாளா என்று கேட்டுத் தொல்லை. இது வேண்டாம் என்றுதான் ஹாலிவுட் படங்களில் 555 என்று ஆரம்பிக்கும் நம்பர்களைக் கொடுப்பார்கள். அங்கே யாராவது 555 என்று தன் நம்பரைச் சொன்னால் "போலி" என்று சிரிப்பதும் அதனால்தான். நம்மிடம் அப்படி எல்லோரும் அறிந்த போலி நம்பர் எதுவும் இல்லை. 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' படத்தில் கதாநாயகி கொடுக்கும் நம்பர், சென்னையில் ஒரு பொறியியல் மாணவர் நிஜமாகவே வைத்திருந்த நம்பராகப் போய்விட்டது. அழைப்புகள் தாங்காமல் ஒரு கோடியே பத்து லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார், அதன் பிறகு காட்சியில் நம்பரை மங்கலாக்கினார்கள். அவரைப் பொறுத்தவரை அந்தப் பத்து இலக்கத்தில் எந்த ஜோக்கும் இல்லை, தூக்கம் போனதுதான் மிச்சம்.